சாம்பிள் சி

போன மாதம் வீடு மாறினோம். புத்தகப் பெட்டியைப் பிரித்தபோது தடிமனான ஒரு பழைய டெஸ்டிங் புத்தகத்துக்குள்ளிருந்து ஒரு சி.டி. நழுவி விழுந்தது. வெள்ளைக் காகித உறை. உறையில் படமும் இல்லை, பெயரும் இல்லை. தட்டின் மேல் மட்டும் கறுப்பு மார்க்கரில் 'சி' என்ற ஆங்கில எழுத்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதியதுபோல உருண்டையாக இருந்தது. "ஆபீஸ் பேக்கப்பா? தூக்கிப் போட்டுடலாமா?" என்று கணவர் கேட்டார். நான் அதை அவர் கையிலிருந்து வாங்கி பீரோவில் வைத்தேன். வைத்தேனே தவிர, போட்டுக் கேட்க வழியில்லை. இப்போது வரும் லேப்டாப்களில் சி.டி. போடும் இடத்தையே எடுத்துவிட்டார்கள். டேப் ரிக்கார்டர் போன பிறகு சி.டி. பிளேயரும் போய்விட்டது.

அந்த எழுத்து என் அத்தானுடையது. அக்காவின் கணவர். அவருடைய கொள்ளுத்தாத்தா வெள்ளைக்காரப் பட்டாளத்துக்குச் சாமான் சப்ளை செய்ய செகந்திராபாத்துக்கு வந்தவர், திரும்பிப் போகவே இல்லை. அதனால் அத்தான் வீட்டுத் தமிழ் எங்கள் விருதுநகர்த் தமிழ் மாதிரி இருக்காது. வேண்டாம் என்பதற்கு 'நக்கோ' என்பார்கள். ஏன் என்பதற்கு 'கைக்கு'. ஆமாம் என்பதற்கு 'ஹவ்'. கல்யாணப் பந்தியில் எங்கள் பெரியப்பா "மாப்பிள்ளைக்குப் பாயசம் போடலாமா?" என்று கேட்க, அத்தான் "ஹவ்" என்றாராம். ஏதோ சுட்டுவிட்டது போலிருக்கிறது என்று பெரியப்பா தண்ணீர்ச் செம்பை நீட்டினாராம். அன்றிலிருந்து அக்கா அவரைத் திருத்திக்கொண்டே இருந்தாள். "ஆமான்னு சொல்லுங்களேன், வாய் வலிக்குமா?" என்பாள். அவரும் "ஹவ், சொல்றேன்" என்பார்.

படிப்பு முடிந்து ஹைதராபாத் மாதாப்பூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் எனக்கு டெஸ்டர் வேலை கிடைத்ததும் அக்கா வீட்டில்தான் தங்கினேன். ஊரில் நாலு பேர் படித்தால் மூன்று பேர் ஹைதராபாத், பெங்களூர் என்று ரயிலேறிக்கொண்டிருந்த காலம். போன முதல் நாள் காலையில், குளியலறைக்குள் யாரோ அடிவயிற்றிலிருந்து குமட்டுவதுபோல ஒரு சத்தம். நான் பதறிப்போய் அடுக்களைக்கு ஓடினேன். "அக்கா, அத்தானுக்கு முடியலை போல. வாந்தி எடுக்காரு." அக்கா தோசைக்கல்லை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "வாந்தியில்லடி, பாட்டு" என்றாள்.

பாட்டுதான். அதற்கு மெலடிக் டெத் மெட்டல் என்று பெயர். இரண்டு கிதார்கள் சேர்ந்து, கேட்டால் கண் கலங்கும்படி இனிமையாக ஒரு மெட்டை வாசிக்கும். டிரம்ஸ் அதற்குக் கீழே தலைதெறிக்க ஓடும். இவற்றுக்கு மேலே பாடகர் பாட மாட்டார், உறுமுவார். தொண்டையைத் திறந்து வயிற்றிலிருந்து ஒரு மாதிரி மூச்சை ஏற்றி உறுமுவதற்குப் பெரிய பயிற்சி வேண்டும். அத்தான் பட்டான்செருவில் ஒரு மருந்துக் கம்பெனியின் தரக் கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் கெமிஸ்ட். அடக்கமான மனிதர், நெற்றியில் விபூதி, மடிப்புக் கலையாத சட்டை. கம்பெனி பஸ் பிடிப்பதற்குள் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு உறுமிப் பழகுவார். முடித்து வெளியே வந்து, "ஏம்மா, தூக்கம் கெட்டுருச்சா?" என்று மெல்லிய குரலில் கேட்பார். இந்த இரண்டு குரலும் ஒரே ஆளுடையவை என்று நம்ப எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. பதினோரு மணிவாக்கில் டிரம்மர் பாய் வருவார். அத்தானுடைய குழுவில் டிரம்ஸ் வாசிப்பவர். இரண்டு தெரு தள்ளி, சின்ன வயதிலிருந்து அத்தானோடு கிரிக்கெட் ஆடி வளர்ந்தவர், அதனால் அந்தத் தெருத் தமிழ் அவருக்கும் தெரியும். கிதார் வாசிக்கும் இரண்டு தெலுங்குப் பையன்களும் சில வாரம் வருவார்கள், சில வாரம் ஆபீஸில் ரிலீஸ் என்று வர மாட்டார்கள். அத்தான் ஏதாவது ஒரு ஆல்பத்தை எடுத்து வைத்திருப்பார். எந்தக் குழு, எந்த நாடு, எந்த வருஷம், எதையும் சொல்ல மாட்டார். வெள்ளை உறை, மேலே ஓர் எழுத்து, அவ்வளவுதான். அவருடைய ஆய்வகத்துக்கு மருந்து அப்படித்தான் வருமாம். எந்த பேட்ச், யார் தயாரித்தது என்று தெரிந்தால் சோதிப்பவனின் கண் ஏமாற்றிவிடும் என்பார்.

முழு ஆல்பத்தையும் யாரும் வாய் திறக்காமல் கேட்க வேண்டும். முடிந்ததும் அபிப்பிராயம். வயதில் சின்னவர் முதலில் சொல்ல வேண்டும், பெரியவர் கடைசியில். "பெரியவன் முதல்ல வாயைத் தொறந்தா மத்தவனெல்லாம் அதுக்கே தலையாட்டுவான். எங்க லேப்ல பாத்துட்டேன்" என்பார். நான்தான் சின்னவள், ஆகவே எப்போதும் நான்தான் முதல். அத்தான் எங்கள் எல்லோரையும்விடப் பெரியவர், கடைசிவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதுவரை ஒரு தலையசைப்புக்கூட இருக்காது.

எனக்குச் சங்கீதம் தெரியாது, ஆனால் குறை கண்டுபிடிக்கத் தெரியும். அதற்குத்தான் கம்பெனி சம்பளம் கொடுத்தது. மூன்றாவது பாட்டும் ஆறாவது பாட்டும் ஒரே மெட்டு, ஏமாற்று வேலை என்பேன். இந்த ஆள் மூச்சுவிட இடமில்லாத இடத்தில் மூச்சுவிடுகிறான், இரண்டு தடவையாக ரிக்கார்ட் செய்து ஒட்டியிருக்கிறார்கள் என்பேன். டிரம்மர் பாய் தொடையில் தட்டிக்கொண்டு, "உங்க கொழுந்தியா மெட்டல் போலீஸு!" என்று சிரிப்பார். பெயரைச் சொன்ன பிறகு, நான் கிழித்துத் தொங்கவிட்டது உலகமே கொண்டாடும் குழு என்று தெரியவரும். அத்தான் மாற்றிக்கொள்ள விடமாட்டார். "சொன்னது சொன்னதுதான். பேரு தெரிஞ்சப்புறம் சொல்றது அபிப்பிராயம் இல்ல, மரியாதை."

அக்கா மட்டும் இந்தச் சபையில் உட்காரவே மாட்டாள். முதல் பாட்டு தொடங்கியதும் காய் வாங்கக் கிளம்பிவிடுவாள், மழை பெய்தால் மொட்டை மாடியில் துணி காய்கிறதா என்று பார்க்கப் போவாள். அத்தான் ஒரு தடவை, நான் பார்க்கவே, "நீயும் ஒருநாள் உக்காந்து கேளேன்" என்று கூப்பிட்டார். "எனக்கு என்ன தெரியும்? காதடைச்சா சமைக்க முடியாது" என்று பையை எடுத்துக்கொண்டாள். அத்தான் முகம் சின்னதாகிவிட்டது. அதன் பிறகு அவர் கூப்பிடவில்லை.

அவர்கள் சொந்த ஆல்பம் ஒன்று செய்ய வேண்டும் என்பது அத்தானின் பல வருஷத்து ஆசை. கையில் மெட்டுகள் இருந்தன, வாசிக்கத்தான் இடமில்லை. செகந்திராபாத்தில் எந்த வீட்டு மாடியில் இந்த டிரம்ஸை வாசித்தாலும் அடுத்த அரை மணியில் போலீஸ் வந்து நிற்கும். கடைசியில் டிரம்மர் பாயின் மாமா, மல்லாபூரில் தன் பட்டறைக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையைக் கொடுத்தார். சுற்றிலும் லேத், வெல்டிங், தகடு அடிக்கும் பவர் பிரஸ். உலகத்தில் டெத் மெட்டல் வாசித்தால் யாரும் திரும்பிப் பார்க்காத ஒரே இடம் அதுதான் என்று அத்தான் சந்தோஷப்பட்டார். தொழிற்சாலைகள் ஓயும் ஞாயிறுகளில் ரிக்கார்டிங். தனித்தனியாக வாசித்துச் சேர்க்கும் வசதியெல்லாம் கிடையாது. மெத்தைகளைச் சுவரில் சாய்த்து, எல்லோரும் ஒரே அறையில் நின்று ஒரே மூச்சில் வாசித்தார்கள்.

நாலு பாட்டு முடிந்த சமயம் அத்தானின் பேச்சுக் குரல் கம்மத் தொடங்கியது. வெந்நீர், மிளகு, பனங்கற்கண்டு, ஒன்றும் கேட்கவில்லை. அக்கா இழுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினாள். குழாய்க் கேமராவை உள்ளே விட்டுப் பார்த்த டாக்டர், குரல் நாணில் ஒரு கட்டி இருக்கிறது, கெட்ட கட்டி இல்லை, ஆனால் அறுவை செய்தாக வேண்டும் என்றார். இன்றிலிருந்து இந்த உறுமலை நிறுத்துங்கள், அறுவைக்குப் பிறகும் கூடாது, மீறினால் சாதாரணப் பேச்சே போய்விடலாம் என்றும் சொன்னார். அக்கா அன்று சாயங்காலம் என்னிடம் இதை வரி விடாமல் சொன்னாள். அவர் சரி என்று தலையாட்டிவிட்டார், இனி விட்டுவிடுவார் என்றாள்.

அவர் விடவில்லை. இன்னும் ஒரு பாட்டு பாக்கி இருந்தது, ஐந்தாவது. அதுதான் ஆல்பத்தின் உயிர் என்று நினைத்துக்கொண்டிருந்தார். கிதார் தனியாக மெல்ல வாசித்துக்கொண்டிருக்கும்போது, பாதியில் ஒரே ஒரு நீண்ட உறுமல் எழுந்து, தேய்ந்து, அடங்க வேண்டும். அந்த ஞாயிறு, பட்டான்செருவில் இன்ஸ்பெக்‌ஷன் என்று சொல்லிவிட்டு மல்லாபூருக்குப் போய் அதைப் பாடிவிட்டு வந்தார். வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. "பாடினீங்களா?" என்று கேட்டாள். பதில் சொல்ல வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. அக்கா சத்தம் போடவில்லை. "உங்களுக்கு நான் முக்கியமா, அது முக்கியமான்னு நான் கேக்க மாட்டேன். எனக்குப் பதில் தெரிஞ்சுபோச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். எனக்கு அவர்மேல் அவ்வளவு கோபம் வந்தது. இப்போது நினைத்தாலும் கொஞ்சம் வருகிறது.

அறுவைக்கு முந்திய ஞாயிறு வழக்கம்போல சபை கூடியது. ஏ, பி, சி என்று மூன்று சாம்பிள் வைத்திருந்தார். முதல் இரண்டும் வெளிநாட்டுக் குழுக்கள். மூன்றாவதில் குரல் வந்ததுமே நான், "இது நம்ம பாத்ரூம்லா!" என்று கத்திவிட்டேன். வாய் திறக்கக் கூடாது என்ற விதி போயிற்று. சோதனையும் போயிற்று. எங்களிடமிருந்து கலப்பில்லாத அபிப்பிராயம் கிடைக்காது என்று அவருக்கும் தெரிந்துதான் இருக்கும், ஆனாலும் ஆசை. கேட்டுக்கொண்டே வந்தவர் ஐந்தாவது பாட்டில் எழுந்து நின்றுவிட்டார். அந்த நீண்ட உறுமலுக்கு அடியில் 'டொக்... டொக்... டொக்...' என்று ஒரு சத்தம். டிரம்மர் பாய் தலையில் கையை வைத்துக்கொண்டார். பக்கத்துக் கொட்டகையில் அந்த ஞாயிறு அவசர ஆர்டர், ஊறுகாய் பாட்டில் மூடி அடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். இவர்கள் வாசித்த வாசிப்பில் காதடைத்துப்போய் அப்போது யாருக்கும் அது கேட்கவில்லை. கிதார் அடங்கிய இடத்தில் மைக் அதைப் பிடித்துக்கொண்டது. குரலும் அதே மைக்கில் இருந்தது. ஒன்றை எடுத்தால் மற்றதும் போகும், மறுபடி பாடவும் முடியாது. குரலைக் கொடுத்து வாங்கிய பாட்டில் ஊறுகாய் மூடிச் சத்தம். அத்தான் சோபாவில் உட்கார்ந்து, அப்படியே விட்டுவிடலாம் என்று கையைக் காட்டினார்.

அறுவை நன்றாக முடிந்தது. பிறகு மௌனம். கிசுகிசுக்கவும் கூடாது என்று உத்தரவு. ஹாலில் உட்கார்ந்துகொண்டு அடுக்களையிலிருக்கும் அக்காவுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்புவார். 'டீ?' என்று வரும். அக்கா பதில் அனுப்ப மாட்டாள், டீயைக் கொண்டுவந்து நங்கென்று வைப்பாள். பேச்சு என்று அவர்களுக்குள் இருந்தது அவ்வளவுதான். இவரால் பேச முடியவில்லை, அவள் பேசவில்லை. காலையில் குளியலறையில் வெறும் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். அந்த உறுமல் நின்றால் நிம்மதி என்று நான் எத்தனை நாள் நினைத்திருக்கிறேன், நின்ற பிறகு எனக்கு அந்த வீட்டில் இருப்பே கொள்ளவில்லை.

முதல் தடவை பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் 'ஆ' சொல்லச் சொன்னாராம். காற்று மட்டும் வந்ததாம். சிலருக்கு ஆற நாளாகும், இன்னும் கொஞ்ச நாள் பேசாமலிருங்கள் என்று அனுப்பிவிட்டார். திரும்பி வந்த அக்கா, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் யாரென்று கேட்டால்கூடச் சொல்லியிருக்க மாட்டாள், அப்படி ஒரு முகம்.

அந்த நாட்களில்தான் இணையத்தில் அபிப்பிராயங்கள் வரத் தொடங்கின. இந்த வகைச் சங்கீதத்துக்கென்றே ஒரு வலைத்தளம் இருந்தது. உலகத்தில் எந்த மூலையிலிருந்தும் பாட்டை ஏற்றலாம், எந்த மூலையிலிருந்தும் கேட்டுவிட்டுத் திட்டலாம். அத்தான் பாடுவதை விட்டாலும் சோதனையை விடவில்லை. பெயர், படம், கதை எதுவும் போடாமல் ஆல்பத்தை மட்டும் ஏற்றச் சொல்லி எனக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினார். எங்களைத் தெரியாதவர்கள் சொல்வதுதான் சுத்தமான முடிவு என்பது அவர் கணக்கு. டிரம்மர் பாய்க்கு ஆங்கிலம் வேகமாக ஓடாது என்பதால், ஞாயிறுகளில் நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் தமிழில் உரக்கச் சொல்வேன். அடுக்களையில் பாத்திரச் சத்தம் அப்போது குறைவதை நான் கவனித்திருக்கிறேன், ஆனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒருவர் எழுதினார்: கிதார் மெட்டுகள் அருமை, குரல் சுமார், இன்னும் நாலு வருஷம் பழகினால் தேறுவார். அதைப் படித்துவிட்டு அத்தானைத் திரும்பிப் பார்த்தேன். அத்தான் மேலே படி என்று கையசைத்தார். இன்னொருவர், இது டெத் மெட்டலே இல்லை, தாலாட்டு, என் குழந்தை தூங்கிவிட்டது என்று எழுதியிருந்தார். ஒருத்தருக்கு இந்தியாக் குழு என்று எப்படியோ சந்தேகம் வந்து, ஒரு தபலாகூட இல்லையே என்று ஏமாற்றம். ஷில்லாங்கிலிருந்து ஒரு மாணவன், எங்கள் ஹாஸ்டலில் வாரம் முழுக்க இதுதான் ஓடுகிறது, வார்டன் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறார் என்றான். அத்தான் அன்று சிரித்தார், சத்தமில்லாமல் தோள் மட்டும் குலுங்கியது.

பெரிய சண்டை ஐந்தாவது பாட்டைப் பற்றித்தான். பின்லாந்துக்காரர் ஒருவர் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். மெட்டு அடங்கும் இடத்தில் அந்த 'டொக் டொக்' ஒரு தொழில் நகரத்தின் இதயத்துடிப்பு, மனிதன் கத்திக் கத்தி ஓய்ந்தாலும் இயந்திரம் ஓயாது என்பதை இவ்வளவு துணிச்சலாக யாரும் சொன்னதில்லை என்றார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அதற்கு ஒருவர் பதில்: இதயமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை, அந்த இடத்தில் டிரம்மர் தாளம் விட்டுவிட்டான், அவ்வளவுதான்.

டிரம்மர் பாய் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "கைக்கு அப்படி எழுதறான் அவன்? நான் தாளம் விட்டேனா? அது பக்கத்து ஷெட்டு பிரஸ்ஸு! எழுதும்மா, நீ எழுது!" அத்தான் விரலை ஆட்டினார். பிறகு போனை எடுத்து எங்கள் இரண்டு பேருக்கும் அனுப்பினார்: 'நக்கோ. சாம்பிள் பேசக் கூடாது.' ஆய்வகத்தில், மருந்து தயாரித்தவன் சோதிப்பவனிடம் வந்து விளக்கம் சொல்ல முடியாதாம். மருந்து தானே பேச வேண்டும், இல்லையென்றால் தோற்க வேண்டும். டிரம்மர் பாய்க்கு இந்த நியாயமெல்லாம் ஏறவில்லை. மறுநாள் ஒரு பிரவுசிங் சென்டரில் யாரையோ பிடித்து, 'நான்தான் டிரம்மர், அது ஊறுகாய் பாட்டில் மூடி அடிக்கும் இயந்திரம்' என்று எழுதச் சொல்லிவிட்டார். நடந்தது என்ன தெரியுமா? ஒருத்தரும் நம்பவில்லை. பின்லாந்துக்காரருக்குக் கோபமே வந்துவிட்டது. நல்ல கலையைக் கொச்சைப்படுத்த வந்த பொறாமைக்காரன் என்று அவரைத் திட்டி, இன்னும் இரண்டு பக்கம் எழுதினார். அத்தான் டிரம்மர் பாய்க்கு அனுப்பிய எஸ்.எம்.எஸ். முழுக்கப் பெரிய எழுத்தில் இருந்தது. அது என்னவென்று பாய் எங்களுக்குக் காட்டவில்லை.

இவ்வளவு அபிப்பிராயம் வந்தும் அத்தான் முகத்தில் ஒரு தெளிவு வரவில்லை. புகழ்ந்ததைக் கேட்டாலும் தலையசைப்பார், இகழ்ந்ததைக் கேட்டாலும் தலையசைப்பார். எதற்காகக் காத்திருக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. இந்த ஆல்பத்துக்காக ஒருத்தர் தொண்டையைக் கொடுத்திருக்கிறார், அது திரும்பி வருமா வராதா என்று வீடே பயந்துகொண்டிருக்கிறது, எங்கோ இருப்பவர்கள் 'சுமார்' என்று ஒரு சொல் தட்டிவிட்டுச் சாப்பிடப் போகிறார்கள். அவர்கள்மேல் தப்பில்லைதான். ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இதற்கிடையில் ஒரு சின்ன விஷயம். ஒரு நாள் ஆபீஸில் பவர் போய் மதியமே அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால், அலமாரியில் நான் வைத்திருந்த 'சி' சாம்பிளின் உறை மட்டும் மேஜையில் கிடந்தது, தட்டு பிளேயருக்குள் இருந்தது. அத்தான்தான் கேட்டிருப்பார் என்று எடுத்து உள்ளே வைத்தேன். அடுத்த வாரமும் அப்படியே. நான்தான் கேட்கிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. அறுவைக்குப் பிறகு அவர் ஷிஃப்ட்டுக்குப் போகத் தொடங்கியிருந்தார். மதியத்தில் வீட்டில் இருந்தது அக்கா மட்டும்தான்.

இரண்டாம் தடவை போனபோது டாக்டர் கேமராவில் பார்த்துவிட்டு, நன்றாக ஆறியிருக்கிறது, நாளையிலிருந்து மெதுவாகப் பேசலாம் என்றார். அங்கேயே 'ஈ' என்று இழுக்கச் சொன்னதற்கு ஏதோ ஒரு சத்தம் வந்ததாம். "சத்தம் வந்துச்சு. அது குரலான்னு எனக்குத் தெரியலைடி" என்றாள் அக்கா.

மறுநாள் ஞாயிறு. டிரம்மர் பாய் சீக்கிரமே வந்துவிட்டார், கையில் ஒரு டப்பா இனிப்பு. எல்லோரும் ஹாலில் உட்கார்ந்து அவர் வாயையே பார்த்தோம். அத்தான் பேசவில்லை. எழுந்து போய் 'சி' என்று எழுதிய தட்டை எடுத்து மேஜையில் வைத்தார். என்னைக் கையால் காட்டினார். எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. சபை கூடியிருக்கிறது, முறைப்படி சின்னவள் முதலில். நான் ஏதோ சொன்னேன். மெட்டு நன்றாக இருக்கிறது, இரண்டாவது பாட்டு நீளம், இப்படி. என்ன சொன்னேன் என்று சரியாக நினைவில்லை. பிறகு அவர் கை அக்கா பக்கம் திரும்பியது. வயது வரிசையில் எனக்கு அடுத்து அவள்தான்.

"எனக்கு என்ன தெரியும்" என்று அக்கா எழுந்தாள். அத்தான் கையை இறக்கவில்லை. அவளுக்குப் பிறகு டிரம்மர் பாய், அதற்குப் பிறகுதான் அவர். அவள் சொல்லாமல் அவர் முறை வராது. முறை வராமல் அவர் வாய் திறக்கப்போவதில்லை. அந்த மனிதரின் பிடிவாதம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். அக்காவை அண்ணி முறையில் 'பாபி' என்று கூப்பிடும் டிரம்மர் பாய் மெதுவாக, "சொல்லுங்க பாபி, நான் உங்களைவிடப் பெரியவன், அப்புறமா சொல்றேன்" என்றார்.

அக்கா நின்றுகொண்டே சொன்னாள். "எனக்குப் பிடிக்கலை. ஒரு பாட்டும் பிடிக்கலை. அந்தக் கத்தல் யாரோ கத்துற மாதிரி இருக்கு. நம்ம வீட்டு ஆளா இதுன்னு இருக்கு." நிறுத்தினாள். அடுக்களைப் பக்கம் திரும்பினாள், போகப்போகிறாள் என்று நினைத்தேன். போகாமல் சுவரைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தாள். "அஞ்சாவது பாட்டுல, கத்துறதுக்கு முன்னாடி நீங்க ஒரு மூச்சு இழுக்கீங்க. மூடி அடிக்கிற சத்தம்லாம் அப்புறம்தான். அதுக்கு முந்தி. மூச்சை இழுத்து ஒரு நிமிட்டு நிறுத்துறீங்க. தூங்கும்போது இழுப்பீங்களே, அதே மூச்சு. வீட்டுல ஒரு சத்தமும் இல்லாம இருந்துச்சா, அதை மட்டும் போட்டுப் போட்டுக் கேட்டேன். அதுல மட்டும்தான் நீங்க இருக்கீங்க."

பின்லாந்திலிருந்து ஷில்லாங் வரைக்கும் அத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள். மூச்சுவிடும் இடத்தைக் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கிய நானும் கேட்டிருக்கிறேன். ஒருத்தர் காதிலும் அது விழவில்லை. டிரம்மர் பாய் தன் முறையை விட்டுக்கொடுப்பதுபோல இரண்டு கையையும் அத்தான் பக்கம் நீட்டினார்.

அத்தான் வாயைத் திறந்தார். முதலில் காற்று. அக்கா முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். மறுபடி மூச்சை இழுத்தார், ஒரு கணம் நிறுத்தினார்.

"ஹவ்" என்றார்.

மெல்லிய, புதிய, கொஞ்சம் கீறல் விழுந்த குரல். ஆனால் குரல். அக்கா அழுதுகொண்டே, "ஆமான்னு சொல்லுங்க" என்றாள்.

"ஹவ்" என்றார் மறுபடியும்.

அவர் பிறகு பாடவில்லை. குழு கலைந்தது, கிதார்ப் பையன்களில் ஒருவன் அமெரிக்கா போய்விட்டான். அத்தான் இன்றும் அதே வீட்டில்தான் இருக்கிறார், ஆய்வகத்துக்கே தலைவராகிவிட்டார். அந்த மெலிந்த குரல் அப்படியே நிலைத்துவிட்டது. போனில் பேசினால், புதிதாகக் கேட்பவர்கள் வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்களா என்று கேட்கிறார்களாம். ஞாயிறு சபை மட்டும் நின்றபாடில்லை. அக்கா இப்போது காய் வாங்கச் சனிக்கிழமையே போய்விடுகிறாள்.

சி.டி. கிடைத்த அன்று அந்த வலைத்தளத்தைத் தேடிப் பார்த்தேன். எப்போதோ மூடிவிட்டார்கள். அந்தப் பின்லாந்துக்காரரின் பக்கங்கள், 'சுமார்' என்ற தீர்ப்பு, வார்டன் தட்டிய கதவு, எல்லாம் போயிற்று. அத்தானைக் கூப்பிட்டுச் சொன்னேன், வருத்தப்படுவார் என்று நினைத்து. "போவட்டும்மா. வேண்டிய ரிசல்ட் அன்னைக்கே வந்துருச்சே" என்றார். பின்னாலிருந்து அக்கா, என்ன ரிசல்ட், யாருக்கு ரிசல்ட் என்று கேட்பது காதில் விழுந்தது.

நேற்று ஆபீஸிலிருந்து ஒரு பழைய சி.டி. டிரைவ் கேட்டு வாங்கிவந்தேன். வயரை மாட்டி, தட்டைப் போட்டேன். கீறல் விழுந்திருக்குமோ என்று பயந்தேன், ஓடியது. நேராக ஐந்தாவது பாட்டுக்குப் போனேன். கிதார் அடங்கியது. அத்தான் மூச்சை இழுத்தார், ஒரு கணம் நிறுத்தினார். உறுமல் வருவதற்குள் நிறுத்திவிட்டு, கொஞ்சம் பின்னால் இழுத்து, மறுபடி போட்டேன்.